நாலு வீடு தள்ளி ஒரு முகவரி

நல்லாண்டார்குப்பம்
6.11.2023, திங்கட்கிழமை

பாசத்திற்குரிய மகள் பாரதிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது.

உன் வீட்டு மிக்ஸி ஓடும் சத்தம் காலையும் மாலையும் என் காதில் விழுவதால், நீ நலம் என்று அறிகிறேன். எங்கள் நலத்தை நீயும் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாய். ஆகவே அந்தச் சம்பிரதாயத்தை இத்துடன் விடுகிறேன்.

நான்கு வீடு தள்ளி இருக்கும் மகளுக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுத நேரும் என்று நான் எண்ணியதில்லை. ஊர்விலக்குத் தீர்மானத்தை உன் மாமனார் ஊர்த் தலைவராகக் கோவில் வாசலில் சொன்னபோது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். எங்களோடு யாரும் நேரிலும் போனிலும் பேசக்கூடாது. கடையில் சாமான் கொடுக்கக்கூடாது. ஏலத்தில் மீன் கொடுக்கக்கூடாது. வண்டியில் ஏற்றக்கூடாது. எழுதக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்த ஊரில் யாரும் யாருக்கும் எழுதுவதில்லை என்பதால் அது அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

தபால்காரர் இஃபாத்திடம் விசாரித்தேன். அவர் காரைக்கால்காரர். நம் ஊர்க் கட்டுப்பாடு அவரைக் கட்டாது. முகவரி எழுதிய உறையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க்கா, இத நான் காரைக்காலுக்கு எடுத்துட்டுப் போயி, முத்திரை குத்தி, நாளைக்கழிச்சு மறுபடி இங்கயே கொண்டாரணும். போற வழில இப்பவே அந்த வூட்ல குடுத்துட்டுப் போயிடவா?" என்றார்.

"வேணாம் தம்பி. முத்திரை இல்லாம போனா அது சேதி. சேதி வாங்குனான்னு எம்மவ மேல குத்தம் வரும். முத்திரையோட போனா அது கவர்மெண்ட் தபால்."

"அப்ப எஞ் சைக்கிள் மேல ஒண்ணும் கேஸ் இல்லல்ல?" என்று சிரித்தார். எங்கள் வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

என் குற்றம் உனக்குத் தெரிந்ததே. சாலைத் திருப்பத்தில் ஊர் கட்டிய அம்மன் வளைவின் தூண்கள் வழியை அடைத்துவிட்டன. கோவில் வரைக்கும் வந்த மினி பஸ் ஊருக்குள் வருவது நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ்கூடத் திரும்ப முடியவில்லை. தூண்களைத் தள்ளி நட உத்தரவிட வேண்டும் என்று மனு எழுதினேன். அதிகாரி ஜீப்பில் வந்து அளந்துவிட்டுப் போனார். ஊர் விஷயத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோனவள் ஆனேன்.

என்னை விலக்கியதில் எனக்கு வருத்தம் குறைவு. உன் தந்தையார் புதனும் சனியும் ரத்தச் சுத்திகரிப்புக்குக் காரைக்கால் போயாக வேண்டியவர். அவரைச் சுமந்து போன காத்தமுத்துவின் ஆட்டோ இப்போது எங்கள் வாசலைக் கடக்கும்போது, ஓட்டுகிறவர் கழுத்து சுளுக்கியவர்போல் நேரே பார்த்துக்கொண்டு போகிறார். சாலைமுனை ஆட்டோக்காரர்களும் நம் ஊர் மீனை ஏற்றிப் பிழைப்பவர்கள். அவர்கள் எங்களுக்காக ஊரைப் பகைத்துக்கொள்ள மாட்டார்கள்.

பதில் எழுது. எழுத்து அழகாக இருக்கட்டும்.

உன் நலம் நாடும் அம்மா,
அ. சாரதாம்பாள்


நல்லாண்டார்குப்பம்
14.11.2023

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. "நீங்கள்" போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை, திட்டாதே. இஃபாத் அண்ணன் வாசலில் நின்று, "பாரதிப்ரியாங்கிறது யாருங்க, ரிஜிஸ்தர் இல்ல, சாதாத் தபால்தான்" என்று தெரு முழுவதும் கேட்கும்படி கத்தினார். அத்தை எட்டிப் பார்த்தார். காலேஜ் சிநேகிதி எழுதியது என்று சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்கு உங்கள் வீட்டில் ஒரு மத்தாப்புகூடக் கொளுத்தவில்லை. எங்கள் வீட்டில் கொளுத்தினார்கள். நான் உள்ளேயே இருந்தேன்.

புதன்கிழமை மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தேன். மீன் கூடை வைக்கும் உன் தள்ளுவண்டியில் அப்பா உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் குடை. நீ பின்னால் தள்ளிக்கொண்டு போனாய். தெருவில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்கள். அம்மன் வளைவு வரைக்கும் மூன்று கிலோமீட்டர் அம்மா.

அருள்மணி அன்று பைக்கில் உங்களுக்குப் பின்னால்தான் வந்திருக்கிறார். முந்திப் போக மனசு வராமல் வளைவு வரைக்கும் வண்டியை உருட்டிக்கொண்டே வந்தேன் என்றார். "ஏத்திக்கிட்டு போயிருக்கலாம்ல?" என்று கேட்டேன். "தலைவர் மவனே ஏத்துனா ஊருல நாளைக்கு எவன் கட்டுப்படுவான்?" என்றார். அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை. நானும் போடவில்லை.

அப்பாவுக்குக் கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

உன் மகள்,
பாரதிப்ரியா


நல்லாண்டார்குப்பம்
20.11.2023

பாசத்திற்குரிய மகளுக்கு,

உன் எழுத்து முன்பைவிடச் சாய்ந்திருக்கிறது. அவசரத்தில் எழுதினாய் என்று கொள்கிறேன். நீ ஒன்றாம் வகுப்பில் "அ" எழுதியபோது உன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுதினேன். உன் பத்தாம் வகுப்புப் புத்தகம் வரைக்கும் உன்னோடு படித்தேன். தேர்வு எழுதியவள் நீ. அந்தப் பாடங்களை மறக்காமல் வைத்திருப்பவள் நான்.

வண்டிப் பயணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறாய். உன் தந்தையார் அதைத் தேரோட்டம் என்கிறார். "சாரதா, மெதுவா தள்ளு. சாமி விழுந்துடப்போவுது" என்று கேலி செய்கிறார். போகும்போதுதான் இந்தப் பேச்செல்லாம். திரும்பும்போது பேசுவதற்கு அவரிடம் மூச்சு இருப்பதில்லை. வளைவின் நிழலில் வண்டியை நிறுத்தி, தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, சாலையில் பஸ் பிடிக்கிறோம். என் வண்டியைக் கட்ட ஊர் எனக்கு நல்ல தூண் கட்டிக் கொடுத்திருக்கிறது.

புதன்கிழமை பஸ் கிடைத்துவிடுகிறது. சனிக்கிழமைதான் சோதனை. சனி பகவானைப் பார்க்க வருகிற கூட்டத்துக்காக மினி பஸ்காரர் அன்றைக்கு வண்டியைத் திருநள்ளாற்றுக்குத் திருப்பிவிடுகிறார். மற்ற பஸ்கள் நிறைந்து வருகின்றன. சென்ற சனியன்று நடு மதியம் வரை நின்றோம். ஒரு நடத்துநர் படியில் நின்றபடியே, "பெரியவரு நிக்க மாட்டாரு போலருக்கேம்மா, அடுத்த வண்டில வாங்க" என்றார்.

"முன்ன வந்த வண்டிக்காரனும் இதத்தான் தம்பி சொன்னான்" என்றார் உன் தந்தையார். நடத்துநர் சிரித்துவிட்டு ஏற்றிக்கொண்டார். முண்டாசு கட்டிய பக்தர் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அவர் எந்த ஊரோ, நன்றாக இருக்கட்டும்.

ஏலத்தில் மீன் இல்லாததால் காரைக்கால்மேட்டில் கருவாடு வாங்கித் திருநள்ளாற்றுப் பக்கத்து வயல் ஊர்களில் விற்கிறேன். காரைக்காலிலேயே குடியேறிவிடலாம் என்று நீ அடுத்து எழுதுவாய். வாடகைக்கு வழியில்லை என்பதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

கால் வீக்கம் குறையவில்லை.

உன் நலம் நாடும்,
அ. சாரதாம்பாள்


நல்லாண்டார்குப்பம்
1.12.2023

அம்மா,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். மாமாவிடம் நான் பேசினேன்.

அவர் கோபமாக இல்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "உங்கம்மா என்னய கேட்டிருந்தா, தூண ரெண்டடி நகர்த்துறத பத்தி நானே சபையில பேசியிருப்பேன். ஜீப்ப கொண்டாந்து நிறுத்துனா நான் என்னா பண்றது? எனக்கும் மேல ஊரு இருக்குல்ல?" என்றார்.

சபைக்கு வந்து, விழுந்து கும்பிட்டு, எழுதியது தப்பு, வளைவால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று சொல்ல வேண்டும். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். மறுநாளே காத்தமுத்து அண்ணன் ஆட்டோ வாசலுக்கு வந்துவிடும்.

ஒரே ஒரு தடவை அம்மா. அப்பாவுக்காக. மழை வேறு பிடித்துக்கொண்டது. நீ வண்டி தள்ளுவதைப் பார்க்கக்கூடாது என்று புதன்கிழமைகளில் நான் மாடிக்கே போவதில்லை.

பாரதிப்ரியா


நல்லாண்டார்குப்பம்
7.12.2023

மகளுக்கு,

உன் கடிதத்தை உன் தந்தையாருக்கு வாசித்துக் காட்டினேன். பின்பு என் பதிலைச் சொன்னேன். விழுவதில் எனக்குத் தடையில்லை. அம்மன் வாசலில் எத்தனையோ முறை விழுந்தவள்தான். வளைவால் இடைஞ்சல் இல்லை என்று சொல்லத்தான் என்னால் இயலாது.

எழில்மதியை நீ மறந்திருக்க மாட்டாய். அவளுக்கு வலி கண்ட அன்று கடலுக்குப் போன ஆண்கள் திரும்பவில்லை. காத்தமுத்துவின் ஆட்டோ பழுதில் கிடந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. தூணில் உரசினால் ஊர் சும்மா விடாது என்று பயந்து ஓட்டுநர் வளைவுக்கு வெளியே நின்றுகொண்டார். கதவுப் பலகையில் அவளைக் கிடத்திப் பெண்கள் நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடினோம். தலைமாட்டில் நான். பாதி வழியில் குழந்தை பிறந்தது. அழவில்லை. அதை என் முந்தானையில்தான் சுற்றினேன். வளைவால் இடைஞ்சல் இல்லை என்று அந்த முந்தானையைக் கட்டிக்கொண்டு நான் சொல்ல வேண்டுமா?

அந்த எழில்மதியே இப்போது என்னைக் கண்டால் குடத்தோடு திரும்பிப் போய்விடுகிறாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு இந்த ஊரில் இன்னும் பிள்ளை பெற வேண்டியிருக்கிறது.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லி இஃபாத் ஒருமுறை சொன்னார். ஊர்விலக்கு வைப்பது சட்டப்படி குற்றமாம். எழுதிக் கொடுத்தால் முதலில் ஜீப்பில் ஏறுகிறவர் உன் மாமனார். அன்று மாலையே நீ பெட்டியோடு என் வாசலில் நிற்பாய். ஆகவே எழுதவில்லை. என் பேனாவைக் கட்டிப்போட்டிருப்பவள் நீ ஒருத்தி மட்டுமே என்பதை அறிந்துகொள்.

உன் தந்தையார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நீ எழுதுனது சரிதான் சாரதா. நான் எந்தச் சபையிலயும் சொல்வேன். ஆனா அந்தச் சரிய வச்சிக்கிட்டு நான் எங்க போறது, எதுல போறது?"

அவரைத் திருப்பிப் படுக்கவைத்தேன்.

அ. சாரதாம்பாள்


நல்லாண்டார்குப்பம்
15.12.2023

அம்மா,

அவசரமாக இது. வரும் புதன்கிழமை, இருபதாம் தேதி, சனிப்பெயர்ச்சி. லட்சக்கணக்கில் ஆள் வருமாம். நம் ஊர் ஆட்டோ, டெம்போ எல்லாம் திருநள்ளாற்றுக்கு ஓடப்போகிறது. அருள்மணியும் போகிறார். சாலையில் பஸ் நிற்காது. அப்பாவை முந்தின நாளே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் வைத்துவிடு. தயவுசெய்து.

பாரதி


நல்லாண்டார்குப்பம்
22.12.2023, வெள்ளிக்கிழமை

மகளுக்கு,

நீ பதினைந்தாம் தேதி எழுதிய கடிதம் நேற்று, இருபத்தொன்றாம் தேதி, வந்து சேர்ந்தது. பெயர்ச்சிக் கூட்டத்தில் தபால் மூட்டையும் தேங்கிவிட்டதாக இஃபாத் வருந்தினார். பெயர்ச்சி என்று எனக்கும் தெரியும். காலை முதல் பஸ் எப்படியும் நிற்கும் என்று கணக்கிட்டேன். அந்தக் கணக்கு பிழையாயிற்று.

நடந்ததை எழுதுகிறேன். விடியும் முன்பே வளைவை அடைந்துவிட்டோம். பஸ்கள் வந்தவண்ணம் இருந்தன. ஒன்றும் நிற்கவில்லை. கூரையில்கூட ஆட்கள் இருந்தார்கள். கைகாட்டினேன், அவர்களும் திருவிழா உற்சாகத்தில் எனக்குக் கைகாட்டினார்கள். நம் ஊர் டெம்போ ஒன்று போயிற்று. உள்ளே யார் இருந்தார்கள் என்று எழுத மாட்டேன்.

வெயில் ஏறியதும் வண்டியோடு காரைக்காலை நோக்கி நடக்கத் தொடங்கினேன். அத்தனை தூரம் தள்ளிவிடலாம் என்று எப்படி நம்பினேனோ தெரியவில்லை. பாதி தூரத்தில் போலீசார் சாலையைத் தடுப்புக் கட்டைகள் வைத்து மூடியிருந்தார்கள். தள்ளுவண்டி போகக்கூடாது என்றார் ஒரு காவலர். வண்டியில் இருப்பது நோயாளி என்றேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கட்டையை நகர்த்தினார். அதற்குள் உன் தந்தையாரின் உதடு நிறம் மாறியிருந்தது. "திரும்பிடு சாரதா" என்றார். "வூட்டுக்குப் போயிடுவோம்." ஆஸ்பத்திரி பக்கமா வீடு பக்கமா என்று நடுச்சாலையில் நின்றேன். காவலர் ஒரு சரக்கு வண்டியை மறித்து எங்களை ஏற்றிவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவருடைய முறை கழிந்துவிட்டது. அவருக்கு ஆக்சிஜன் வைத்து, மாலையில் ஓர் இயந்திரம் ஒழிந்ததும் செய்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நுரையீரல் நீரில் மூழ்கியிருக்கும் என்றார் டாக்டர். "ஏன் இவ்ளோ லேட்டும்மா?" என்று கேட்டார்.

நேற்று திரும்பினோம். என் வண்டி சாலையோரத்தில் விட்ட இடத்திலேயே இருந்தது. நாளை சனி.

அ. சாரதாம்பாள்


நல்லாண்டார்குப்பம்
26.12.2023

அம்மா,

ஞாயிற்றுக்கிழமை நீ கருவாட்டுக் கூடையோடு போய்விட்டுத் திரும்பியபோது வீடு காலியாக இருந்திருக்கும். நீ தெருவில் நின்று ஒரு தடவை "என்னங்க" என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை.

அப்பாவை நாங்கள்தான் சபைக்குக் கூட்டிப்போனோம். அவர்தான் கேட்டார். சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, நீ கடைக்காகச் சாலைமுனைக்குப் போயிருந்த நேரத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, தெருவில் போன அருள்மணியை, "மாப்ள, கொஞ்சம் நில்லுங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். அருள்மணி நின்றுவிட்டார்.

சபையில் எல்லோரும் இருந்தார்கள். மாமா எழுந்து, "சம்பந்தி, நீங்க விழ வேணாம். நின்னு சொன்னாப் போதும்" என்றார். அப்பா, "நிக்க முடியல தலைவரே, ஒக்காந்தே சொல்றேன்" என்றார். "எம் பொண்டாட்டி எழுதுனது தப்பு. படிக்காதவ, புரியாம எழுதிட்டா. வளைவால யாருக்கும் ஒண்ணும் இல்ல." அவ்வளவுதான் சொன்னார். "படிக்காதவ" என்று சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. எழில்மதி அக்கா எழுந்து போய்விட்டது. அதையே எழுதி அதிகாரிக்கு அனுப்புகிறார்கள். அப்பா கைநாட்டு வைத்தார்.

அப்பாவுக்கு விலக்கு நீங்கியது. எங்கள் வீட்டில் இருக்கிறார். நாளை காத்தமுத்து அண்ணன் ஆட்டோவில் போகிறார். உனக்கு நீங்க வேண்டுமானால் நீயே வர வேண்டுமாம். பேசக்கூட வேண்டாம் அம்மா. மாமாவிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். நீ வந்து சும்மா நின்றால் போதும். பொங்கலுக்கு முன் சபை கூடும்.

இன்னொன்று. உன் கடிதங்களை மாமா பார்த்துவிட்டார். ஒன்றையும் பிரிக்கவில்லை, முத்திரையை மட்டும் பார்த்தார். "பேசறதில்லன்னா எழுதறதும் இல்லதானம்மா" என்றார். அடுத்து ஒன்று வந்தால் சபைக்குத் தெரியும், உங்க அப்பாவுக்கு நீக்கிய விலக்கும் திரும்பி வந்துவிடும் என்றார். அதனால் நீ எழுதாதே. வந்துவிடு.

உன் மகள்


நல்லாண்டார்குப்பம்
3.1.2024, புதன்கிழமை

பாசத்திற்குரிய மகள் பாரதிப்ரியாவுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வராது. இஃபாத்திடம் முத்திரையில்லாமல், உன் கையில் மட்டும் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

காலையில் ஆட்டோ எங்கள் வாசலைக் கடந்து போயிற்று. உன் தந்தையார் நடுவில் உட்கார்ந்திருந்தார். காத்தமுத்து வேகத்தைக் குறைத்தார். நான் உள்ளே போய்விட்டேன். அவர் சுகமாகப் போய்வர வேண்டும்; வழியில் என் முகத்தைப் பார்த்து மூச்சு வாங்க வேண்டியதில்லை.

அவர் சொன்னது பொய் என்று அவருக்கும் தெரியும், சபைக்கும் தெரியும். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். மூச்சு முட்டுகிறவருக்கு என்னால் ஒரு வண்டி கொடுக்க முடியவில்லை. கொடுத்தவர்கள் கேட்டதை அவர் கொடுத்தார். "படிக்காதவ" என்று அவர் சொன்னதை மட்டும் நீ எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் உண்மையை எழுதியிருக்கிறாய். அப்படித்தான் உன்னை நான் எழுதப் பழக்கினேன்.

நான் சபைக்கு வரமாட்டேன். சும்மா நிற்பதும் ஆம் என்று சொல்வதுதான். தூண்களைப் பற்றி மறுபடியும் எழுதுவேன். அதிகாரி மாறினால் புதியவருக்கும் எழுதுவேன். அதனால் விலக்கு நீங்காது. அது என் ஒருத்தியோடு நிற்கட்டும்.

அவரைப் பற்றிச் சில செய்திகள். ஊசி போடும் இடது கை மேல் ஒருக்களித்துப் படுக்க விடாதே. அந்தக் கையில் யாரும் இரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது. நர்ஸ் மறந்தாலும் நீ சொல். தண்ணீர் அளந்து கொடு. தாகம் என்று பிள்ளைபோல் அடம் பிடிப்பார். ஈரத் துணியால் உதட்டைத் துடை. இளநீர், வாழைப்பழம், கருவாடு மூன்றும் ஆகாது. கருவாட்டு வாசனை வந்தால் கேட்பார். உங்கள் வீட்டில் சமைக்கும் அன்று அவரை மாடிக்கு அனுப்பிவிடு. அருள்மணியிடம் நான் நன்றி சொன்னதாகச் சொல்ல வேண்டாம். அவர் முகம் மாறினால் வீட்டில் தெரிந்துவிடும்.

இனி நான் எழுத மாட்டேன். நீயும் எழுதாதே. உன் சாய்ந்த எழுத்தில் ஒரு தாள் பிடிபட்டாலும் அவர் மறுபடி என் தள்ளுவண்டிக்கு வந்துவிடுவார். அது அவரால் தாங்காது. என்னாலும் இனித் தள்ள முடியாது.

அவர் என்னைப் பற்றிக் கேட்டால், சாலைக்கு நடந்து போயிருக்கிறாள் என்று சொல். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும்.

அம்மா